சாணிப்பால் படாத ஒரு பிடி நெல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? நைனா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? பெர்லினில் நான் நலம்தான்.

நைனா அனுப்பிய நம் நெல்லில், வேறெந்த நெல்லிலும் இல்லாத மரபணு ஒன்றைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்ததாகக் கட்டுரை எழுதினேன் அல்லவா? போன வாரம் போனில் அவர், "பூச்சி அண்டாதுன்னு சாணிப்பால்ல முக்கிதாம்மா அனுப்பினேன்" என்றார். பதறிப்போய்த் திரும்பச் சோதித்தேன். அது நெல்லின் மரபணுவே இல்லை, சாணியில் இருந்த கிருமியுடையது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன்; நைனாவிடம் இதைச் சொல்லவில்லை. நெல்லில் என்ன கலந்தார் என்று முன்பே கேட்காமல் விட்டது என் தப்புதான். வேலையை நீட்டிப்பார்களா, தெரியவில்லை.

அடுத்த பார்சலில், நைனாவுக்குத் தெரியாமல், சாணிப்பால் படாத நெல் ஒரு பிடி வை. கொஞ்சம் வடகமும் வை. இங்கே தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

மேல்மலையனூர் பஸ்ஸில் அவர் இன்னும் தன் நெல்லின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால், பேசட்டும் அம்மா.

அவசரத்தில்,
கலைச்செல்வி