ஹேமாவின் டி டிரைவ்

ஜன. 19, திங்கள்

காலையில் பனி. பால்கனியில் காயப்போட்ட வேட்டி நேற்றைவிட ஈரம். தபால் அலுவலகம், காது டாக்டர், ரேஷன் கடை மூன்றும் தள்ளிவைப்பு. காரணம்: ஹேமாவின் லேப்டாப்.

ஹேமா, என் மனைவி சாரதாவின் தங்கை. அடையாறில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன். நேற்று சாப்பிட வந்தவள், லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது, விண்டோஸும் பழசு, புதுசை இந்த மிஷின் ஏற்காதாம் என்றாள். ரசம் சாதத்தின் நடுவே நான், "லினக்ஸ் போட்டுத் தரேன். ஒரு மத்தியானத்து வேலை" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

என் தகுதி: பேட்டை வாரப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். போன மாதம் லினக்ஸ் மாதிரி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருளைப் புகழ்ந்தும், கணினியைக் கண்டு நடுங்கும் என் வயதுக்காரர்களைக் கேலி செய்தும் எழுதினேன். நல்ல வரவேற்பு. லினக்ஸ் நிறுவிய அனுபவம்: ஒரே ஒரு முறை, ஒரு வாசகர் போனில் வரி வரியாகச் சொல்லச் சொல்ல. இந்த விவரம் பத்தியில் இடம்பெறவில்லை.

பேக்கப் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் டி-ல ரெண்டு ரெண்டு காபி இருக்கு அத்திம்பேர்." பரம திருப்தி. இத்தனை வருஷத்துக் கேள்வித்தாள்கள், அவளே வரைந்த சர்க்யூட் படங்கள். பிப்ரவரியில் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு.

பென் டிரைவ் தயார். மிஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்12, டெலீட், எஸ்கேப் என்று மாற்றி மாற்றி அழுத்தல். சாரதா அடுக்களையிலிருந்து: "என்ன, ஹார்மோனியம் வாசிக்கறேளா?"

ஜன. 20, செவ்வாய்

'செக்யூர் பூட்' என்ற காவலை நிறுத்தியதும் பென் டிரைவ் உள்ளே வந்தது. விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போட ஒரு வழி உண்டு. இடத்தைப் பிரித்துக் கொடு என்றது. நடுவே ஒரு கோடு, மவுஸால் இழுக்கலாம். அண்ணன் தம்பிகள் பார்த்துப் பொறாமைப்படும் பாகப்பிரிவினை.

ரீஸ்டார்ட். கறுப்புத் திரை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் துடிக்கும் கோடு. ரெஸ்க்யூ என்றால் மீட்பு. யார் யாரை என்று போடவில்லை.

இணைய மன்றங்கள். ஒருவர், பயாஸ் அமைப்பில் 'லெகஸி', அதாவது பழைய முறை, வை என்கிறார். அடுத்தவர், லெகஸி வைத்தவன் கெட்டான் என்கிறார். மூன்றாமவர், இந்தக் கேள்வி முன்பே கேட்கப்பட்டுவிட்டது என்று கதவைச் சாத்துகிறார். லெகஸி வைத்தேன். பூட் செய்ய எதுவுமே இல்லை என்றது. பழையபடி மாற்றினேன். மீண்டும் கிரப். அதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜன. 21, புதன்

பொறுமை போயிற்று. விண்டோஸே வேண்டாம். துடைத்துவிட்டு லினக்ஸ் மட்டும். 'டிஸ்கை அழித்து நிறுவு' என்று ஒரு வரி. அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன்.

என் தர்க்கம்: டிஸ்க் என்றால் சி டிரைவ். டி வேறு. எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர் ஓதியது இது: விண்டோஸ் சி-யில், உங்கள் சாமான் டி-யில், சி போனாலும் டி போகாது. மயிலாப்பூரில் இதை நம்பாத வீடு இல்லை. ஹேமா தன் டி-க்கு 'சரஸ்வதி' என்று பெயரே வைத்திருந்தாள்.

அழகாக நிறுவிக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் பூட் ஆனது. ஃபைல்களைத் திறந்தேன். சரஸ்வதி இல்லை.

பிறகு படித்தேன். முன்னால் படித்திருக்கலாம். சி-யும் டி-யும் இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்க், நடுவே ஒரு தடுப்பு. வீட்டை இடித்துவிட்டு மாடிப் போர்ஷனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாரதா: "ஆச்சா?"

"ஓடறது."

ஓடத்தான் ஓடியது.

ஜன. 22, வியாழன்

நல்ல வெயில். அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்று. நாள் முழுக்கத் தோண்டியது. கிடைத்தவை:

- யாருடையதோ கல்யாணப் போட்டோ, மேல் பாதி மட்டும். தலைகள் உண்டு, மாலைகள் இல்லை.
- எந்தெந்த இணையதளத்துடையதோ குட்டி குட்டிப் படங்கள், ஏராளம்.
- பெயரில்லாத ஃபைல்கள். திறந்தால் கட்டம் கட்டமாக.
- கேள்வித்தாள்களில் முழுசாக மீண்ட ஒரே வரி: 'அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்கவும்.'

மாலை ஹேமா போன். டிஸ்க் கோளாறு போலிருக்கிறது, டி-யில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்றேன். வாய் தானாகச் சொன்னது என்று எழுத ஆசை. இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

எதெது போச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்புறம், "போன வருஷம்தானே தி.நகர் அன்வர் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார்?" ஆமாம் என்றேன். அந்தப் பேச்சில் நான் சொன்ன ஒரே உண்மை.

"உங்களுக்கு வேற சிரமம் குடுத்துட்டேன் அத்திம்பேர்."

ஜன. 24, சனி

தி.நகர். நகரக்கூட இடமில்லாத கூட்டம். கடைக்காரரிடம் விவரமாகப் பேச ஆள் வேண்டும் என்று ஹேமா என்னையும் அழைத்துப் போனாள். பெரிய துணிக்கடைகளின் முதுகுப்புறச் சந்து. மாடிப்படிக்குக் கீழே அன்வரின் கடை. டிஸ்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டி நிதானமாகச் சோதித்தார்.

"டிஸ்க் நல்லா கீது மேடம். யாரோ மொத்தமா அழிச்சிட்டு வேற போட்டுகிறாங்க."

ஹேமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லாம் போனதற்கு அப்புறம்தான் இவர் வேறு போட்டார் என்றாள். எனக்கே தோன்றாத சமாதானம். "பத்திரிகைல கம்ப்யூட்டர் பத்தி எழுதறவர். இவருக்குத் தெரியாதா?" மட்டமான சரக்கை மாட்டி ஏமாற்றியதாகச் சொன்னாள். கடையில் இன்னும் இரண்டு பேர், கையில் பிரிண்டரோடு, கேட்டுக்கொண்டு.

அன்வர் என்னைப் பார்த்தார். "சார் சொல்லட்டும்."

இடம், காலம், சாட்சிகள் எல்லாம் தயார்.

"விடு ஹேமா. சண்டை எதுக்கு, போகட்டும்" என்றேன்.

ஆட்டோவில் திரும்பும்போது, இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்றாள்.

ஜன. 25, ஞாயிறு

மேகமூட்டம். ஹேமா தன் அடுக்ககத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதைச் சாரதாவுக்கும் அனுப்பியிருந்தாள். சாரதா உரக்கப் படித்தாள். தி.நகர் அன்வர் கடையில் யாரும் எதையும் கொடுக்க வேண்டாம், கணினி நிபுணரான என் அக்கா கணவர் பரிசோதித்து உறுதி செய்திருக்கிறார்.

பதில்கள்: நன்றி. கும்பிடும் கைகள். ஒருவர், கொடுத்த மானிட்டரை நாளையே திரும்ப வாங்கிவிடுவதாக. அந்த அடுக்ககத்திலிருந்துதான் அன்வருக்குப் பாதி வேலை வரும் என்று ஹேமாவே முன்பு சொல்லியிருக்கிறாள்.

இன்னொருவர்: 'அந்த ஆளுங்களே அப்படித்தான்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நான் சொன்னது டிஸ்கைப் பற்றி மட்டும். அது இங்கே வந்து நிற்கும் என்று தெரியாது என்று எழுத நினைத்தேன். அறுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். தெரியும்.

சாரதா போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒண்ணும் கேக்கல. நீங்களா சொல்றவரைக்கும் கேக்க மாட்டேன்."

நாளைக்குப் பத்தி தர வேண்டும். பிறர் அசட்டுத்தனம் பற்றி மூன்று வரி. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஜன. 26, திங்கள்

விடுமுறை. பத்தி அனுப்பவில்லை, உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இன்னொரு பொய். இது சின்னது என்பதால் சுலபமாக வந்தது.

ஜன. 27, செவ்வாய்

அடையாறு. ஹால் முழுக்கச் சார்ட் பேப்பர். ஹேமா சர்க்யூட் படங்களை நினைவிலிருந்து திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். பழைய மாணவர்கள் தங்களிடமிருந்த ஜெராக்ஸைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்களாம். பாதி மங்கல்.

முதல் பேட்ச் போய் அடுத்தது வருவதற்குள் சொன்னேன். பார்ட்டிஷன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

"அத்திம்பேர், நீங்க அழிச்சேளா?"

"ஆமா."

"தெரிஞ்சுண்டேதான் அன்னிக்குக் கடையில நின்னேளா?"

"ஆமா."

வரைந்துகொண்டிருந்த மின்தடையாக்கியை முடித்தாள். ஸ்கேலை வைத்தாள். "கேள்வியெல்லாம் நான் மறுபடி எழுதிப்பேன். அந்த மனுஷரை நாலு பேர் முன்னாடி என்னெல்லாம் சொன்னேன். உங்களை நம்பிச் சொன்னேன்."

போனை எடுத்து என்னைக் குரூப்பில் சேர்த்தாள். நடந்ததை நான்தான் எழுத வேண்டுமாம், அதுவும் அவர் கடையில், அவர் எதிரில் நின்று. அவளும் எழுதுவாளாம், ஆனால் எனக்கு அப்புறம்.

காபி தரவில்லை. தந்திருந்தால் எப்படிக் குடித்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாரதாவிடம் சொன்னேன். "நாளைக்குக் கார்த்தாலயே போங்கோ" என்றாள்.

ஜன. 28, புதன்

வெயில். தி.நகர். அன்வர் தனியாக இருந்தார். ரிப்பேருக்கு வந்தவற்றை அடுக்கும் அலமாரி பெரும்பாலும் காலி.

சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும், "அன்னிக்கே சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் சார்."

அங்கேயே நின்று தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்கு முன் காட்டினேன். 'அன்வர் அவர்கள் பொருத்திய டிஸ்கில் குறை எதுவும் இல்லை எனத் தெளிவாகிறது. அன்வர் அவர்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்.' எனக்கே பிடித்திருந்தது. கச்சிதம்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா சார் இது. என் பேரு ரெண்டு வாட்டி கீது. உங்க பேரு எங்க?"

அதை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். என் பெயர். நான்தான் அழித்தேன். பழியை அவர் மேல் போட்டேன், கடையில் வாய் திறக்காமல் நின்றேன். கச்சிதமில்லை. காட்டினேன். தலையசைத்தார். அனுப்பினேன்.

யாரும் எதுவும் போடவில்லை. பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

கிளம்பட்டுமா என்று கேட்டேன்.

"இருங்க சார்." காலால் ஸ்டூலைத் தள்ளினார். "எவனாவது ஏதாவது கேப்பான். நீங்களே பதில் சொல்லிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். போன் கையில்.