நீலக் கதவு வீட்டு முகவரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்காதே. நீ கொடுத்த நாவலைப் போன வருஷமே படித்து முடித்ததாகச் சொன்னது பொய். இருபது பக்கம்கூடத் தாண்டவில்லை. நீ உன் புருஷனிடமிருந்து தப்பிப் போன பிறகுதான் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் தடவை கதையில் வருகிற அண்ணனும் தம்பியும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டேன். இவனே இவனை எதற்கடா வெட்டுகிறான் என்று ஒரே குழப்பம். இரண்டாம் தடவை புரிந்தது. மூன்றாம் தடவை அழுதேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் புத்தக பைண்டிங் கடை வேலைக்குக் கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் வந்தார். மரியாதைக்குக் குறைவில்லை, "அக்கா" என்று கூப்பிட்டுத்தான் அடித்தார். "அவள எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றார். "சர்க்கரை டப்பால பாருங்க மாப்பிள்ளை" என்றேன். முடியைப் பிடித்து மேசையில் மோதினார். உன் புத்தகங்களை ஒவ்வொன்றாக முதுகு பிளந்து எறிந்தார். நூல் போட்டுத் தைத்த புத்தகத்தைக் கிழிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்து அந்தக் கை என் கழுத்துக்கு வந்தது. கண் இருட்டியது. உன் முகவரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் வெளியே வந்தது வேறு. நாவலில் அந்தத் தம்பி குடியிருக்கும் வீடு: துறைமுகப் பட்டணம், மணிக்கூண்டுக்குப் பின்சந்து, நீலக் கதவு, மூன்றாம் மாடி. மூன்று தடவை படித்தவளாயிற்றே! சொல்லும்போது என் விரல் மேசைமேல் வரி பிடித்து நகர்ந்தது. பயத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "இத முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு தேவையா?" என்று அலுத்துக்கொண்டு, எழுதித் தரச் சொன்னார். தந்தேன். பட்டணம் நிஜம், வீடுதான் கதை; அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். வெறுங்கையோடு வருகிறவர் இன்னும் கோபமாகத்தான் வருவார்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடை முதலாளியம்மா தன் வீட்டு மாடியில் என்னைத் தங்கவைத்திருக்கிறார். நீ என்னைப் பார்க்க ஓடி வராதே. இனி உன்னை வரவழைக்கத்தான் என்னை அடிப்பார். உறையின்மேல் உன் முகவரி எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு, கதவைப் பூட்டிக்கொள், நூறு வருஷம் இரு. இன்னொரு நாவல் அனுப்பு. நிறைய வீடுகள் வருகிற கதையாகப் பார்த்து அனுப்பு.

உன் அக்கா

பி.கு: இப்போது ஒரு பல் டீயில் விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு டீயைக் குடித்தேன்.