கொங்கிறீற் கூரையும் குசினிக் கிடுகும்

1991 சித்திரை 20, சனி

காலை எட்டு மணிக்கே சுவர் சுடுகிறது. கதவு பூட்டு. யன்னல் பூட்டு. யன்னல் இடுக்குகளில் பழைய சீலைத் துணி அடைத்து வைத்திருக்கிறார் மாமி. பிள்ளை பெற்ற அறைக்குள் காற்று வந்தால் சன்னி வருமாம். உள்ளே நான், பிறந்து இரண்டு கிழமையான என் மகள், ஒரு தணல் சட்டி. இந்த வெயிலில் தணல் சட்டி!

தலைக்கு மேல் கொங்கிறீற். இவர்கள் கேட்டு வாங்கிய கூரை. "ஓட்டு வீடெண்டால் என்ரை மோனுக்கு வேண்டாம்" என்று மாமி ஒற்றைக் காலில் நின்றதால் அப்பா புகையிலைத் தோட்டத்தை விற்றுக் கட்டிய சீதன வீடு. கரண்ட் இருந்த காலத்தில் ஃபான் சுழன்றது, வெக்கை தெரியவில்லை. கரண்ட் போய் ஒரு வருசமாகப் போகிறது. ஃபானைக் கழற்றிவிட்டு அந்தக் கொழுக்கியில் பிள்ளையைப் போட்டு ஆட்ட ஏணை கட்டியிருக்கிறார்கள். அதாவது, சுடுகிற கூரைக்கு இன்னும் கிட்ட. நல்ல மூளை.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அங்கால் நின்று யாருக்கோ சொல்கிறாள்: "அவளுக்கென்ன, கொங்கிறீற் வீட்டுக்கை கிடக்கிறாள். குடுத்து வைச்சவள்."

வா, வந்து நீ கிட.

இவர் எங்கே? மாமரத்துக்குக் கீழே, சாக்குக் கட்டிலில். குறட்டை இங்கே வரை கேட்கிறது.

சித்திரை 21, ஞாயிறு

விறகு முடிகிறது. என் குளிப்புக்குத்தான் பாதி போகிறது. நொச்சி இலை, பாவட்டை இலை போட்டு அரைக் கிடாரம் தண்ணீர் தினமும் கொதிக்க வேண்டும். மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது, அடுப்புக்கு எங்கே போக? இவர் கோப்பாய்ப் பக்கம் சைக்கிளில் போய்ப் பனை மட்டையும் கொஞ்சம் பனங்கொட்டை ஊமல் கரியும் கட்டிக்கொண்டு வந்தார். வந்து கதவுக்கு வெளியே நின்று எனக்குப் புத்தி சொல்கிறார்.

"விறகைப் பார்த்துச் செலவழியும்."

நானா செலவழிக்கிறேன்? பத்திக்கொண்டு வந்தது. சொன்னேன்:

"கிடாரத்திலை தண்ணியை நிரப்பிக் காலமை கூரைக்கு மேலை வையுங்கோ. மத்தியானம் கை வைக்கேலாமல் சுடும். ஒரு குச்சி விறகும் தேவையில்லை."

"அட, ஓமப்பா!"

பின்னாலிருந்து மாமி: "வெய்யில் பட்ட தண்ணி பச்சை உடம்புக்காரிக்கு ஆகாது. உவளுக்குப் படிச்ச திமிர்."

இவர் மெல்ல நழுவிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் வாய் திறக்காத மனிசன்.

பிள்ளைக்குக் கழுத்தில் வேர்க்குரு. முதுகிலும். பால் குடிப்பது குறைவு. எனக்கு இடுப்பும் நாரியும் நோ. பின்னேரம் தூரத்தில் குண்டு போடுகிற பொம்மர் சத்தம், பலாலிப் பக்கமாக்கும். வெளியே எல்லோரும் பங்கருக்குள் ஓடினார்கள். பங்கருக்குள் குளிர்ச்சியாக இருக்குமே என்று பொறாமைப்பட்டேன். விசர் பிடிக்கப் போகிறது எனக்கு.

சித்திரை 23, செவ்வாய்

கிடாரம் கூரைக்கு ஏறிவிட்டது! என் சொல்லுக்கு இல்லை. விறகு சுத்தமாக முடிந்த பிறகுதான் வெயில் தண்ணீர் ஆகிற தண்ணீராகியது. இலையையும் அதற்குள்ளேயே போட்டார்களாம். பி.ப. 3க்கு இறக்கி, பச்சைத் தண்ணீர் கலந்துதான் வார்க்க முடிந்தது. மாமி விரலை விட்டுப் பார்த்தார். "ம்." அவ்வளவுதான்.

ஆனால் ஒருவருக்காவது விளங்குகிறதா? கிடாரத்துத் தண்ணீரைச் சுட வைக்கிற கூரைக்குக் கீழேதான் நாங்கள் இருவரும் கிடக்கிறோம்.

வேலி அடைக்க வாங்கிய தென்னோலைக் கிடுகு கொட்டிலில் சும்மா கிடக்கிறது. அதைக் கூரைக்கு மேல் பரப்பிவிடச் சொல்லி இவரைக் கெஞ்சினேன்.

"கொங்கிறீற்றுக்கு மேலை கிடுகோ? சனம் என்னப்பா சொல்லும்?"

சனம்! சனமா உள்ளே அவிகிறது?

சித்திரை 24, புதன்

பிள்ளைக்கு உடம்பு நெருப்பு. கண் திறக்கிறாள் இல்லை. வாயில் வைத்த பால் வழிந்து போகிறது. இவர் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியைக் கூட்டிவரப் புத்தூருக்குச் சைக்கிளில் ஓடினார்.

மாமி ஒரே கத்தல். "நான் அப்பவே சொன்னனான்! கதவைத் திறந்து திறந்து கதைச்சியள். காத்துப் பட்டிட்டுது!" தணல் சட்டியில் மேலும் ஊமல் கரி போட்டார். யன்னலுக்குக் குறுக்கே சாக்கு ஒன்றையும் தொங்கவிட்டார்.

பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு கிடக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கினேன், கதவைக் காலால் தள்ளினேன், முற்றத்தைத் தாண்டி நேரே குசினி. கிடுகுக் கூரை, மண் சுவர், சாணம் மெழுகிய நிலம். இந்த வளவில் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். பிள்ளை பெற்ற தீட்டு முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரை துடக்குக்காரி கால் வைக்கக் கூடாத இடமும் அதுதான்.

"ஐயோ, குசினிக்குள்ளை போறாளே! சட்டி பானை எல்லாம் துடக்காப் போச்சு!"

"போகட்டும் மாமி. சட்டி பானை சந்தையிலை விக்குது. பிள்ளை விக்குதோ?"

குடத்தடியில் பாயைப் போட்டேன். ஈரத் துணியால் தலை, கக்கம், கால் என்று துடைத்தேன், திரும்பத் திரும்பத் துடைத்தேன். வாசலால் காற்று வந்தது. வரட்டும்.

வெயில் சாயும்போது உதடு அசைந்தது. குடித்தாள். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். அழுதேன், கோபத்தில்தான்.

பரியாரி வீட்டில் இல்லையாம். வெறுங்கையோடு வந்த இவர் குசினி வாசலில் திகைத்து நின்றார்.

"என்னப்பா இது?"

"பிள்ளை பால் குடிக்கிறா. தெரியேல்லையோ?"

சித்திரை 25, வியாழன்

சூடு இறங்கிவிட்டது. மூச்சு முட்டக் குடிக்கிறாள். குசினியை விட்டு அசையப் போவதில்லை என்று சொல்லியாகிவிட்டது. இவர் தலையாட்டினார், வழக்கம் போல.

மாமி உள்ளே வரவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் புதுச் சட்டியில் உலை. காற்றுக்கு நெருப்பு நிற்கவில்லை, இவர் எங்கேயோ இரந்து வந்த விறகெல்லாம் வீணாகிறது. என்னோடு ஒரு சொல் இல்லை. வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது, சீதனக் கூரையில் தொடங்கி.

மத்தியானம் மாமி வந்தார். குசினி வாசலுக்கு வெளியே குந்தினார். நித்திரையாய்க் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொடங்கப் போனேன். அதற்குள் அவர்:

"உன்ரை மனுசனுக்கு முன்னம் எனக்கொரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிய முன்னமே செத்துப் போச்சுது. உப்பிடித்தான், உடம்பு நெருப்பாக் கொதிச்சு. காத்துப் பட்டிட்டுது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப நான் பிள்ளையோடை கிடந்த அந்த அறைக்கு ஒரு யன்னலும் இல்லை, பிள்ளை" என்றார் மாமி. "காத்து எங்காலை வந்தது?"