அரிப்புக்குப் பத்தியம்

பினாங்கு,
1983

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போன பிறகு உங்களுக்கு இந்த வீட்டு ஞாபகம் இப்போதுதான் வந்திருக்கிறது. நேற்று உங்கள் கூட்டாளி அர்ஜுனன் அக்கரையிலிருந்து ஃபெரி ஏறி வந்து, "அக்கா, பிறையில அண்ணன் விடிய விடிய சொறியுறாரு லா. டாக்டர் மருந்து கேக்கல. உங்க கை மருந்துதான் வேணுமாம்" என்றான்.

குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் குளியுங்கள். அவளே அரைக்கட்டும். அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது.

பத்தியம்தான் முக்கியம். மீன், நண்டு, இறால், இறாலில் இடித்த பெலாச்சான், பீர் எதையும் தொடக்கூடாது. தனிப் பாயில் படுக்க வேண்டும். அவள் பக்கத்தில்கூட வரக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரிப்பு நின்ற பிறகும் ஒரு வருடம் இப்படியே இருங்கள்.

"இதே மருந்தைப் பூசிக்கொண்டுதானே நம் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டேன், அப்போது நீ பத்தியமே சொல்லவில்லையே" என்று கேட்பீர்கள்.

அப்போது நீங்கள் என் பாயில் படுத்திருந்தீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் தாலியைக் கழற்றாதவள்