மேசையை அளந்துவிட்டுப் போனவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் தங்கை, அவள் மகள் சிட்டு மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குள் மட்டும் கொஞ்சம் காரம் ஏறிக் கிடக்கிறது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் இருமாமல் தும்மாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உன் கடிதம் கிடைத்தது. "ஏம்மா கவர்மென்ட்டோட வம்பு, பேசாம பிள்ளைய ஸ்கூல்ல சேத்துடச் சொல்லு" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாமே ஒரே வரிதான் ராசா. நடந்ததை முழுசாகப் படி, அப்புறம் உன் தீர்ப்பை நீயே வைத்துக்கொள்.

சிட்டுக்குப் பேச்சு திக்கும் என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் நடந்ததை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் யார் எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று ஆசிரியை கடிகாரம் பிடித்து, வாராவாரம் சுவரில் பட்டியல் ஒட்டினாள். எல்லா வாரமும் கடைசிப் பெயர் சிட்டுதான். நாலாவது வாரம் பிள்ளை வாயை மூடிக்கொண்டது, பள்ளியில் மட்டுமில்லை, வீட்டிலும். தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைத் தொட்டுக் காட்டும். உன் தங்கை போய்க் கேட்டதற்கு "போட்டி இருந்தாத்தாங்க பசங்க முன்னேறுவாங்க" என்றாளாம் அந்த மகராசி. அன்றைக்கே பையோடு பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டாள் உன் தங்கை. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், ஆறு மாசத்துக்கு ஒருமுறை முகம் காட்டுகிறவர். உன் தங்கை பாடநூல் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறாள், அதற்கு நடுவில் சமையலறை மேசையில் இரண்டு வருஷமாகப் பாடம் நடக்கிறது. இப்போது சிட்டு ஓயாமல் பேசுகிறது, திக்கித் திக்கித்தான், ஆனால் பேசுகிறது. போன மாசம் பின்னக் கணக்கில் நான் செய்த தப்பைக் கண்டுபிடித்து, அரை நிமிஷம் போராடி என்னை மக்கு என்றது. அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் ஆயுசு முழுக்க மக்காக இருப்பேன்.

இந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார், பிள்ளையைத் தனியாக விசாரிப்பார். சட்டம் வந்ததை நான் குறை சொல்லவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள். நாலு சுவருக்குள் பிள்ளையை என்ன செய்தாலும் அது பெற்றவர்கள் உரிமை என்று பேச நான் பைத்தியம் இல்லை. முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், அந்த உரிமை என்னென்ன கோலத்தில் பிள்ளைகள் வார்டுக்குத் தூக்கி வரப்பட்டது என்று கண்ணால் கண்டவள். ஆனால் பார்க்க வருகிறவனுக்குப் பார்வை வேண்டாமா? வந்தவர் மடிப்புக் கலையாத சட்டையும் அக்குளில் கோப்பும் கையில் டேப்புமாக வந்தார். நின்றுகொண்டே மேசையின் நீள அகலத்தை அளந்தார், ஜன்னலிலிருந்து மேசைக்கு எத்தனை அடி என்று அளந்தார், "படிப்புக்குத் தனி ரூம் எங்க?" என்றார். "சமைக்காத நேரத்துல இதுதாங்க" என்றாள் உன் தங்கை. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டார். நாலு நாற்காலியில் ஒன்று ஆடுகிறது, அதையும் விடாமல் எழுதிக்கொண்டார். பிள்ளையின் நோட்டுகள் பதினேழை அடுக்கி வைத்திருந்தோம், ஒன்றைக்கூடத் திறக்காமல் எண்ணி மட்டும் பார்த்தார். "சொல்லிக்கொடுக்க உங்களுக்கு என்னம்மா தகுதி?" என்று கேட்டதும், உன் தங்கை நாலாம் வகுப்புப் பாடநூலை எடுத்து, பிழை திருத்தியவர் என்று தன் பெயர் அச்சாகி இருப்பதைக் காட்டினாள். "இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றார். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

அப்புறம் பிள்ளையைக் கூடத்தில் தனியாக உட்கார வைத்து "தினமும் என்ன படிக்கிறே?" என்றார். கதவு ஒருக்களித்திருந்தது, உன் தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பதினோரு நொடி. அவ்வளவுதான் அந்தப் பெரிய மனுஷருடைய பொறுமை. சிட்டு "க... க..." என்று முட்டிக்கொண்டிருக்கும்போதே கோப்பை மூடிவிட்டார். பத்தாம் நாள் உத்தரவு வந்தது, கற்றல் சூழல் போதாது, குழந்தை பதிலளிக்கும் திறனற்றது, முப்பது நாளுக்குள் பள்ளியில் சேர்க்காவிட்டால் வழக்கு என்று.

இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொடுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. படிவத்தின்படி அதுவும் வீட்டில் படிக்கிற பிள்ளைதான், ஆனால் காலை எட்டு மணிக்கே இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிடும். அவர்கள் முன்னறையில் கரும்பலகை மாட்டி, தனி மேசை போட்டு, கால அட்டவணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இதே அதிகாரி அங்கேயும் அளந்துவிட்டு 'மிகத் திருப்தி' என்று எழுதினார். ஆஸ்பத்திரியில் ஆய்வு வருகிற அன்றைக்குக் காலையில் புது விரிப்பு போடுவோம், அவர்கள் வண்டி ஏறியதும் உருவிப் பெட்டியில் வைப்போம். அந்த வித்தையை வருஷக்கணக்கில் செய்தவளுக்கா இது புரியாது.

மேல்முறையீட்டு விசாரணைக்கு மூன்று பேருமாகப் போனோம். கீழ்வீட்டுச் சங்கதியை அந்த ஆள் முகத்தில் வீசுவதற்கு வரிவரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். படியேறும்போது உன் தங்கை என் கையைப் பிடித்து, "அம்மா, அந்தப் பிள்ளையக் காட்டி என் பிள்ளையக் காப்பாத்த வேணாம், அதைத் தனியா சொல்லணும், அந்தப் பிள்ளைக்காகவே சொல்லணும்" என்றாள். உன் அப்பா புத்தி அப்படியே. வாயை மூடிக்கொண்டேன். உள்ளே மூன்று பேர், நடுவில் தலைவியாக ஒரு அம்மாள். அதிகாரி தன் அறிக்கையைக் கல்வெட்டு மாதிரி வாசித்து முடித்தார். உன் தங்கை, "அதே கேள்விய இங்க கேளுங்கம்மா, ஆனா பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க" என்றாள், வேறு எதுவும் பேசவில்லை. தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சிட்டு "க... க..." என்று ஆரம்பித்தது. நம் அதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை, "கணக்குன்னு சொல்ல வருது மேடம்" என்றார். சிட்டு அவரைத் திரும்பிப் பார்த்து மூச்சை இழுத்து, "க... கணக்கு இல்ல. கடல். அப்பாவோட க... கப்பல் இன்னிக்கு எங்க இருக்குன்னு மேப்புல கண்டுபிடிப்பேன். அட்சரேகை, தீ... தீர்க்கரேகை வச்சு" என்றது. இரண்டு நிமிஷம் ஆனது. அந்த அறையில் அதுவரை யாரும் இத்தனை தெளிவாகப் பேசவில்லை. உத்தரவை ரத்து செய்தார்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை எழுத்துத் தேர்வு, பேச்சுப் பயிற்சி, இரண்டுமே நியாயம்தான். மூன்றாவதாக ஆடாத நாற்காலி வாங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது, அது யார் சேர்த்தது என்று சொல்லவா வேண்டும்.

மறுவாரம் நான் தனியாகப் போய்க் கீழ்வீட்டைப் பற்றி எழுதிக்கொடுத்தேன். "ஏழு நாள் முன்னாடி சொல்லாம போக முடியாதும்மா" என்றார் அதே அதிகாரி. சொல்லிவிட்டுப் போனார். கரும்பலகையில் அன்றைய தேதி அழகாக இருந்ததாம், மறுபடியும் மிகத் திருப்தி. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுதான் எனக்குள் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக அந்த இயந்திரச் சத்தம் என் காலுக்கடியில் கேட்கிறது, ஒரு நாளாவது இறங்கிப்போய்ப் பார்த்தேனா? நர்ஸாம் நர்ஸ். அப்படியே திரும்பி இறங்கினேன். பிள்ளையின் ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறி, நகம் கறுத்து வீங்கியிருந்தது. கழுவிக் கட்டுப்போட்டேன். அதன் அம்மா சுவரோடு நின்றவள், "நான் மட்டும் ஆசைப்பட்டா உக்கார வச்சேன்" என்றாள். அப்பன்காரன்தான் குதித்தான். இந்தக் காயத்தைக் காட்டி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத வைத்தால் போலீஸ் முன்னறிவிப்பு கொடுத்துக்கொண்டு வராது என்று நிதானமாகச் சொன்னேன். அடங்கினான். இப்போது அந்தப் பெண் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை மேலே வருகிறது. காலை வேலை இன்னும் நிற்கவில்லை, அதையும் நிறுத்தாமல் விடப்போவதில்லை. சிட்டுதான் அதற்கு எழுத்துக் காட்டுகிறது, அந்தப் பெண் காத்திருந்து கேட்கிறது, அதற்கு அவசரமே கிடையாது.

நேற்று வந்தது அடுத்த நோட்டீஸ். பிறர் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதால் இது உரிமம் பெறாத பள்ளியாம், விளக்கம் வேண்டுமாம். பொத்தான் தைத்தபோது எந்தக் கட்டத்திலும் விழாத பிள்ளை, எழுதப் பழகியதும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டுவிட்டது பார். உன் தங்கை நோட்டீஸில் இருந்த மூன்று பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, விளக்கத்தோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த மாசம் விசாரணை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறோம். இனி நீ சிட்டுவைப் பள்ளியில் சேர்க்கச் சொல்ல வேண்டுமானால் நேரில் வந்து சொல்.

முழங்கால் வலிக்கு மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே, டாக்டரைப் பார். மருமகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை சிட்டு போனில் பேசும்போது ஒரு சொல்லில் நின்றால் நீ எடுத்துக்கொடுக்காதே. போன தடவை மூன்று முறை எடுத்துக்கொடுத்தாய், மூன்றுமே தப்பு.

ஆசிகளுடன்,
உன் அம்மா