இது மயிலத்து மொட்டை இல்லை

அக்கா,

இன்று கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் சந்தன வாசனை ஏறியது. மயிலம் கோயிலில் பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டு வந்த குடும்பம். குழந்தையின் தலையில் அப்பிய சந்தனம் இன்னும் காயவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்த அம்மா என் தலையைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் மயிலந்தானாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த என் அண்ணன், "ஆமாங்க, வேண்டுதலு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் ஞாபகம் வந்தது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ரயிலில். நீங்கள் விழுப்புரத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள்; நான் திண்டிவனத்தில் ஏறி உங்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா உங்கள் மொட்டைத் தலையைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டார். "மயிலமும் இல்ல, திருப்பதியும் இல்ல. மூளையில கட்டி. பாதி எடுத்துட்டாங்க, மீதி உள்ள கீது" என்றீர்கள். சத்துணவுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்த குரல் அது. பெட்டியே திரும்பிப் பார்த்தது.

என் தலையில் இருந்ததும் அந்தக் கட்டிதான். வீட்டில் அதற்குப் பெயர் ஒற்றைத் தலைவலி. வாசலில் நின்று அண்ணனும் சித்தப்பாவும் குசுகுசுவென்று பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டிருந்தேன். என் மடியில் இருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தீர்கள். "உனுக்கும் அதானா? வா, சேந்தே போவலாம்" என்றீர்கள். ஏதோ சந்தைக்குக் கூப்பிடுவது மாதிரி.

ஊரில் ஒரு டாக்டர் உடனே அறுக்கணும் என்றார், இன்னொருவர் தொடவே கூடாது என்றார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இது எங்கேயோ ஒருவருக்கு வருகிற கட்டி. அவர்கள் பார்த்தே இருக்கமாட்டார்கள். சென்னையில்தான் இதற்கென்றே ஒரு குழு வியாழக்கிழமைகளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. அறுவை செய்பவர், கதிர்வீச்சு வைப்பவர், ஸ்கேன் படிப்பவர், எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர், பேச்சுப் பயிற்சி தரும் பெண், வலிக்கு வைத்தியம் பார்ப்பவர், இவர்கள் எல்லோரையும் விரட்டி விரட்டி ஒன்றுசேர்க்கும் ஒரு நர்ஸம்மா. அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர் வைத்தவர் நீங்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நோயாளி வெளியே பெஞ்சில், வீட்டு ஆம்பளைகள் உள்ளே. அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் கதவைத் தள்ளப் போனார். பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "யோவ், மண்ட யாருது? என்ன வெளிய குந்த வெச்சிட்டு நீ இன்னா தீர்ப்பு கேக்கப் போற? நீயும் வா. ஆனா பேசறது என்கிட்ட பேசட்டும்." பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து உங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். புரியாததை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டீர்கள். அவர்களும் சலிக்காமல் தமிழில் சொன்னார்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக என்னைப் பெஞ்சிலிருந்து கிளப்பி உள்ளே தள்ளினீர்கள். நான் உள்ளே போனது அப்படித்தான்.

உங்கள் கட்டி மறுபடி வளர்ந்தபோதும் அந்த மேசையில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. இன்னொரு முறை அறுக்கலாம் என்றார் அறுவை டாக்டர். இடம் மோசமானது, பேச்சு போனாலும் போகும் என்றார் பயிற்சி தரும் பெண். "பேச்சு பூட்டா நான் இன்னாத்துக்கு, டாக்டரு?" என்றீர்கள். அறுவை வேண்டாம் என்றதற்காக யாரும் உங்களைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. வலிக்கு வைத்தியம் பார்ப்பவர் நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்திப் போட்டு, வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு நர்ஸம்மா உங்கள் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். நீங்களோ முடிந்த நாளெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய், சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சாவு வீட்டில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: "அதுகிட்ட சொல்லாம வுட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கும்." இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சொன்னதால் நீங்கள் சாகவில்லை, கட்டியால் செத்தீர்கள். சொன்னதால்தான் இருந்த வரைக்கும் நீங்களாக இருந்தீர்கள். கட்டி ஜெயித்துவிட்டது என்று யாரும் என்னிடம் வந்து மூக்கைச் சிந்த வேண்டாம். உங்கள் வாயை அது அடைக்கவில்லை.

அறுவைக்குப் பிறகு கதிர் வைத்த இடத்தில் எனக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. திட்டுத் திட்டாக வைத்துக்கொண்டு முக்காடு போட எனக்கு இஷ்டமில்லை. மிச்சத்தையும் நானே மழித்துவிட்டேன். இன்றைக்கு விழுப்புரம் போனது ஸ்கேனுக்காக. வியாழக்கிழமை பஞ்சாயத்து. பஸ்ஸில் அண்ணன் என் காதருகே வந்து, "அன்னிக்கு நான் முன்னாடி போய் டாக்டருங்ககிட்ட பேசிக்கினு வந்துர்றேன். நீ வெளிய இரு, பேஜாரு பண்ணிக்காத" என்றார். பாவம், என்மேல் அவருக்கு உயிர். அதற்காக என் தலையை அவரிடம் கொடுத்துவிட முடியுமா?

"கூடவே வாண்ணே. என் கைய புடிச்சிக்கோ. பேச்ச மட்டும் என்கிட்ட வுடு" என்றேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தேன். "யம்மா, எங்கண்ணன் பொய் சொல்லுது. இது மயிலத்து மொட்ட இல்ல. மூளையில கட்டி வந்து ஆபரேஷன் பண்ணது."

கண்டக்டர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவ்வளவு பெரிய குரல் வரும் என்று எனக்கே தெரியாது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அக்கா. திருப்பித் தருகிற உத்தேசம் இல்லை.

அந்த அம்மா குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இப்ப தேவலையா கண்ணு?"

"தெரியலம்மா. வியாழக்கெழம சொல்லுவாங்க. மொதல்ல என்கிட்டதான் சொல்லுவாங்க."