இன்னொரு காது

வண்டிப்பெரியார்,
18-6-1938

தங்கை கஸ்தூரியம்மாளுக்கு அண்ணன் சுருளியாண்டி எழுதியது. மலைக்குச் சேமமாக வந்து சேர்ந்தேன். மனசுதான் சேமமில்லை.

உன் மகள் பஞ்சுவின் காதுகுத்தில் நீ என்னை வைத்த நிலையை மறக்கமாட்டேன். ஒரு காதைக் குத்தியதும் என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். பந்தியில் மாயக்காள் சின்னம்மா, "ஏலே, தாய்மாமன் மடியில முள்ளு மொளச்சிருக்கா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள். தோட்டத்தில் இருநூறு ஆளைக் கட்டி மேய்க்கிறவன் நான்.

பஞ்சுவுக்கு மூன்று வயதாகியும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகம் பார்ப்பதில்லை. செவிடா என்று அறியத்தான் உறுமிக்காரனைப் பக்கத்தில் நிறுத்தி அடிக்கச் சொன்னேன். அலறினாள். ஆக, செவிடில்லை, பிடிவாதம். என் கையைப் பிடித்துப் பிடித்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாளே, பார்த்தாயா? எல்லாம் நீ கொடுத்த செல்லம்.

ஆவணியில் ஆசாரியோடு வருகிறேன். நாலு பேர் பிடித்துக்கொண்டால் இன்னொரு காதும் முடிந்துவிடும். மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார்.

உன் அண்ணன்,
சுருளியாண்டி

கோம்பை,
27-6-1938

அண்ணன் அவர்களுக்குக் கஸ்தூரி எழுதிக்கொண்டது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். குத்திய காது பழுத்து, குழந்தைக்கு ஐந்து நாள் காய்ச்சல். இப்போது இல்லை.

உறுமிக்காரர் தற்செயலாக வந்து நின்றார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் சொல்லித்தான் அடித்தாரா? செவிடா என்று என்னைக் கேட்டிருக்கலாமே. அடுக்களையில் நான் கம்பு புடைத்தால் தொழுவத்திலிருந்து ஓடிவருவாள். முறத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவதில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக நான் கொட்டடித்துப் பார்க்கவில்லை.

அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. சுட்டிக்காட்டவும் மாட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டியதன்மேல் வைப்பாள். பானை மூடிமேல் வைத்தால் பசி. சத்தம் பொறுக்காவிட்டால் தன் காதின்மேல் வைப்பாள், நான் பொத்திவிடுவேன். அதுவும் என்னிடம் மட்டும்தான். பெற்ற அப்பனிடம்கூட இல்லை. அன்றைக்கு முறை என்று சொல்லி என்னைத் தள்ளி நிறுத்தினீர்கள்.

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அண்ணே. காதைப் பொத்தச் சொன்னாள். நீங்கள் கையை உதறிவிட்டு, "சட்டுனு குத்துங்க ஆசாரி" என்றீர்கள்.

இன்னொரு காதுக்கு நீங்கள் கொண்டுவந்த தோட்டை, மலைக்கு வரும் ஹனீபா ராவுத்தர் லாரியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆவணியில் யாரும் வர வேண்டாம். இவரிடமும் சொல்லிவிட்டேன்.

கஸ்தூரி

வண்டிப்பெரியார்,
9-8-1938

தங்கைக்கு,

தோடு வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை.

ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஆவணியில் நான் மட்டும் வரட்டுமா? மறுபடி என் கையைப் பிடித்தாளானால் உதறமாட்டேன்.

அண்ணன்

கோம்பை,
16-8-1938

அண்ணன் அவர்களுக்கு,

வாருங்கள். சோறு உண்டு. ஆனால் அவள் உங்கள் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து வர வேண்டாம்.

போன வாரம் தெருக்கோடியில் கொட்டுச் சத்தம் கேட்டது. தன் இரண்டு கையாலும் தானே காதைப் பொத்திக்கொண்டு குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன். தள்ளிவிட்டாள். இப்போது யார் கையும் அவளுக்கு வேண்டாம், என் கையும்.

கஸ்தூரி